எங்களுக்குக் கிடைத்த பதினாறாவது இடம்

போன வாரம் எங்கள் கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன கதையைச் சொல்லி முடித்தேன். அந்தப் பந்தியில் ரசத்தை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்த மாப்பிள்ளையைப் பற்றித்தான் இந்த வாரமும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தூறிக்கொண்டிருந்தது. பெங்களூரின் ஆனி மாதத் தூறல் ஒரு தினுசு. மழை என்று குடையை விரித்தால் நின்றுவிடும், நின்றுவிட்டது என்று துணியைக் காயப்போட்டால் வந்துவிடும். வீட்டில் தலையணையிலிருந்து தீப்பெட்டி வரை எல்லாமே பாதி ஈரமாக, அரைத்தூக்கத்தில் இருக்கும். நானும் அப்படித்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் முனிராஜ் உள்ளே வந்தார். சட்டையில் தூறல் பொட்டுப் பொட்டாக நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். தன்னுடைய கோல்கீப்பர் கிளவுஸ் இரண்டையும் பழைய பேப்பரில் சுற்றி, பரணில் உடைந்த மிக்ஸிக்குப் பின்னால் தள்ளினார். இறங்கி, ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தார்.

நான் எதற்கு என்று கேட்டேன்.

"போதும் மல்லி. இனிமே ஆடல" என்றார். பிறகு டீ இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த வீட்டில் அந்தக் கிளவுஸ் ஆணியில் தொங்காத நாளை நான் பார்த்ததே இல்லை. ஆணி மட்டும் சுவரில் இருந்தது. டீ போடும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பத்தடி

எங்கள் ஏரியா அல்சூர் பக்கம். வாய்க்கும் கைக்கும் சரியாக இருக்கிற வேலைக்காரர்கள் வாழும் சந்துகள். ஆனால் கால்பந்து என்றால் மட்டும் நாங்கள் ஜமீன்தார்கள். உலகக் கோப்பை வந்தால் ஒரு சந்து ஒரு நாட்டுக்கொடி கட்டும், அடுத்த சந்து இன்னொரு கொடி கட்டும். அந்த ஒரு மாதம் இரண்டு சந்துக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

இது எப்படி வந்தது என்று என் அப்பா ஒரு கதை சொல்வார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பரேடு மைதானத்தில் பந்தை உதைப்பார்களாம். அவர்களுக்குச் சமைத்த, துவைத்த, குதிரைக்குப் புல் போட்ட நம் ஆட்கள் வெளியே விழுகிற பந்தைப் பொறுக்கிக் கொடுப்பார்களாம். ஒருநாள் ஒருத்தர் கையால் கொடுக்காமல் காலால் கொடுத்தார். அவ்வளவுதான் கதை. அந்த ஒருத்தர் எங்கள் சொந்தக்காரர் என்று அப்பா சொல்வார். ஏரியாவில் எல்லா அப்பாக்களும் அதையேதான் சொன்னார்கள்.

எங்கள் அணியின் பெயர் கம்பத்தடி பாய்ஸ். தெருமுனை விளக்குக் கம்பத்தின் கீழே கூடி ஆரம்பித்ததால் அந்தப் பெயர். 'பாய்ஸ்' என்றாலும் சிலருக்கு வழுக்கை விழுந்திருக்கிறது. நகர லீக்கில் மொத்தம் பதினாறு அணிகள், அதில் நாங்கள் ஒன்று.

முனிராஜை முதலில் நான் பார்த்தது மைதானத்துக் காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்துகொண்டுதான். பந்து மறுபக்கம் இருக்கும்போது கோல்கீப்பருக்கு வேலை இல்லை. பனி இறங்கிய ஒரு காலையில் அவர் அப்படி வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். சோம்பலும் இல்லை, பரபரப்பும் இல்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு அது பொங்கக் காத்திருக்கிறவர்கள் நிற்பார்களே, அப்படி. பனிக்குள் பந்து எங்கே இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நிற்பைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். ஆள் பேசவே மாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆபீஸ் கேப் ஓட்டுகிறார். வைட்ஃபீல்டு கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்குகிற வேலை. நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் நசுங்கி வீட்டுக்கு வருகிற மனிதர், கிளவுஸ் போட்டதும் முதுகு நிமிர்ந்துவிடும். நாற்பதை நெருங்கியும் அப்படித்தான். அந்த முனிராஜ் பரணுக்குப் போய்விட்டால் எனக்கு மிச்சம் இருக்கப்போகிறவர் யார் என்று பயமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஆட்டக்காரர்களின் பெயர் கொடுக்கக் கடைசி நாள்.

சொந்த ரசிகர்களே

பிரச்சினை இதுதான். எங்கள் லீக்கைப் பற்றிப் போனில் எழுதுகிற ஒரு பக்கம் இருக்கிறது. யார் நடத்துகிறார்கள் என்று தெரியாது. சீசன் ஆரம்பிக்கும் முன்னால் ரசிகர்களையே ஓட்டுப் போடச் சொல்வார்கள். நீங்கள் எந்த அணிக்காரர் என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு பதினாறு பெயர்களையும் விரலால் மேலே கீழே இழுத்து வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ரேங்க் போடுவார்கள்.

நானும் போட்டேன். காலை மெட்ரோவில். நான் வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸ் கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அல்சூரில் ஏறி உட்கார்ந்தால் ரயில் தாலாட்ட ஆரம்பித்துவிடும். ஜன்னலில் மரத் தலைகள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகள், யாரோ உலர்த்திய புடவை எல்லாம் மிதந்து போகும். அந்த மிதப்பிலேயே விரல் எங்கள் பெயரை ஒன்றாம் இடத்துக்கு இழுத்தது. மற்றவர்கள் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருந்துகொண்டார்கள்.

அந்த ஞாயிறு மதியம் ரேங்க் வந்தது. நாங்கள் பதினாறு. அதாவது கடைசி. அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: 'வயதான கோல்கீப்பரை நம்பியிருக்கும் அணி. சொந்த ரசிகர்களே கடைசி இடம் கொடுத்திருக்கும் ஒரே அணியும் இதுதான்.'

வேறு ஏரியாவாக இருந்தால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும்? பக்கம் நடத்துகிறவனின் ஏழு தலைமுறையை இழுத்திருப்பார்கள். எங்கள் தெருவில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. வெல்டிங் கடை கரீம் பாய் எல்லோருக்கும் டீ சொன்னார். மைதானத்தில் டிரம் அடிப்பவர் அவர்தான், ரசிகர்களுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. இட்லிக் கடை பத்மாக்கா என்னைப் பார்த்து ஏதோ நல்ல சேதி வந்தது போலச் சிரித்தாள். கம்பத்தடியில் நின்றவர்களின் முகத்தில் எல்லாம் ஒரு நிம்மதி.

முனிராஜ் கேபை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்புகளுக்கு நடுவேதான் நடந்து வந்திருக்கிறார். போனில் அந்த வரியையும் படித்திருக்கிறார். வந்து ஸ்டூலை இழுத்தார்.

"திட்டியிருந்தா கூட பரவால்ல" என்றார் டீயை வாங்கிக்கொண்டு. "சிரிக்கறாங்க."

எனக்கு வந்த கோபத்தில் அடுத்த இரண்டு நாள் பத்மாக்கா கடையில் இட்லி வாங்கவில்லை. வீட்டில் உப்புமா கிண்டினேன். அதையும் அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஸ்டெல்லா கேட்டது

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே மாதிரி கனவு வந்தது. பனி மைதானம், காலி கோல் போஸ்ட், பந்து மெதுவாக உருண்டு உள்ளே போகும். யாரும் தடுக்க மாட்டார்கள், யாரும் கத்தவும் மாட்டார்கள். மெட்ரோவில் கண் அசந்தால்கூட அதே பந்து வந்தது. இந்திரா நகரில் உருள ஆரம்பித்தால் கே.ஆர்.புரம் வரைக்கும் உருளும்.

என்னோடு வேலை செய்கிற ஸ்டெல்லா ஆஸ்டின் டவுன்காரி. கால்பந்தில் அவர்களும் நாங்களும் கீரியும் பாம்பும். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டே, பதினாறும் பெற்றாச்சே, பெருவாழ்வு எப்போது என்று கிண்டல் செய்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா மல்லி, உங்க ஆளுங்களுக்கு அவர் மேல இன்னா கோவம்? எங்க வீட்ல எல்லாரும் உங்கள நாலாவது போட்டோம். உங்க கோல்கீப்பர பாத்துதான் எங்க பசங்களுக்கு பயமே."

எதிரி நாலாவது இடம் கொடுத்திருக்கிறான், சொந்தத் தெரு பதினாறு கொடுத்திருக்கிறது. டப்பாவை மூடினேன். அன்றைக்குச் சாயங்காலம் நேராகக் கரீம் பாய் கடைக்குப் போனேன்.

அவர் கேட் ஒன்றுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நஸர், கண்ணு பட்ரும்னுதான் தங்கச்சி. நான் ஒருத்தன் கீழ போட்டா போதும், கழிஞ்சிடும்னு நெனச்சேன். தெருவே அதையே பண்ணும்னு கனவா கண்டேன்?"

எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டபோது அங்கிருந்த இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் இதே பக்கம் எங்களுக்கு இரண்டாம் இடம் கொடுத்தது. தெருவே பட்டாசு வெடித்தது. முதல் ஆட்டத்திலேயே எங்களுக்கு கோல் அடிக்கிற ஒரே பையனின் கால் எலும்பு முறிந்தது. அந்த வருடம் நாங்கள் வாங்கிய அடிக்கு அளவே இல்லை. ஊர்க்கண் என்று தெரு முடிவு கட்டியது. அதிலிருந்து எங்கள் ஆட்டக்காரர்களை யாரும் வாய்விட்டுப் புகழ்வதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் மைதான வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்கும். நன்றாக ஆடினவனைப் பார்த்து, சுமாராக ஆடினாய் என்பார்கள். அவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

அதே ஆட்கள்தான் இப்போது போனிலும் திருஷ்டி கழித்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், தான் ஒருத்தன்தான் கெட்டிக்காரன் என்று நினைத்து, ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து எங்கள் பெயரைக் கடைசிக்கு இழுத்திருக்கிறார்கள். வேறு எந்த ஏரியாக்காரனுக்கும் இந்தப் புத்தி வராது.

பத்மாக்கா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவனுக்கு இதான் கடைசி சீசன்னு பேசிக்கறாங்க. எதுனா ஒண்ணு ஆயிட்டா? அதான் கடைசில போட்டேன். போடும்போது கை நடுங்கிச்சு மல்லி, தெரியுமா."

மிளகாயும் உப்பும்

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் ஆறுதலுக்காகக் கதை கட்டுகிறேன் என்றார். நான் கதை கட்டுகிறவள்தான், அது அவருக்குப் பதினைந்து வருட அனுபவம். உண்மை சொல்கிற நாளில் அது எனக்கே வினையாக வந்தது. வியாழக்கிழமையும் ஆணி வெறுமனே இருந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் படிக்கட்டில் காலடிச் சத்தம். பத்மாக்கா முன்னால் வந்தாள். ஒரு கையில் கல்லுப்பும் தெருமண்ணும். மறு கைக்கு வேண்டிய காய்ந்த மிளகாயை எங்கள் வீட்டு டப்பாவிலிருந்தே உரிமையாக எடுத்துக்கொண்டாள். பின்னால் கரீம் பாய், இடுப்பில் குழந்தையை வைத்திருப்பது போல ஒரு பூசணிக்காயோடு. அவருக்குப் பின்னால் படிக்கட்டு நிறைய தெரு. எங்கள் வீடு முதல் மாடி, படிக்கட்டில் ஒருத்தர் ஏறினால் ஒருத்தர் இறங்க முடியாது. வாசலில் இட்லி மாவு, ஈரச்சட்டை, மழை எல்லாம் கலந்த ஒரு வாசனை நின்றது.

முனிராஜைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னாள். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. அவள் கையை அவர் தலையைச் சுற்றி மெதுவாக இறக்கினாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளைக் கண்ணு என்று முணுமுணுத்தாள். மூன்று தரம் துப்பச் சொன்னாள், துப்பினார். வெளியே தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு நின்றுகொண்டே தூக்கம் வருவது போல இருந்தது. இது நடக்கிறதா, நான் மெட்ரோவில் இருக்கிறேனா என்றுகூட ஒரு கணம் சந்தேகம்.

தணலில் மிளகாயைப் போட்டாள். நெடி வரவில்லை. அப்படியென்றால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று கணக்கு. படிக்கட்டு முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மிளகாய் பரணுக்குக் கீழே இரண்டு வாரமாக நமுத்துக் கிடந்தது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

முனிராஜ் தலை நிமிர்ந்து கேட்டார். "பாய், நீ எத்தினி போட்ட?"

"பதினாறு" என்றார் கரீம் பாய், பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு.

"பத்மாக்கா?"

"பதினாறுதான்டா."

படிக்கட்டிலிருந்தும் பதில் வந்தது. கேட்காமலேயே ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். பதினாறு, பதினாறு, கீழ்ப்படியிலிருந்து யாரோ இருமிக்கொண்டே பதினாறு. அவர் ஒவ்வொரு குரலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பந்து மறுபக்கம் இருக்கும்போது நிற்பாரே, அந்த முகம் வந்திருந்தது.

கடைசியாக என் பக்கம் திரும்பினார். "நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "ஒண்ணு" என்றேன்.

பத்மாக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னொரு பிடி மிளகாய் தேவைப்பட்டது.

"அப்ப இந்த தெருவுல என் மேல பாசம் இல்லாதவ நீ ஒருத்திதான்" என்றார் முனிராஜ். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு அது. படிக்கட்டும் சேர்ந்து சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, புகையினால் என்று சொல்லவும் வழியில்லை, நெடிதான் வரவில்லையே.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு பூசணிக்காய் முச்சந்தியில் உடைகிற சத்தம் கேட்டது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். மிக்ஸிக்குப் பின்னாலிருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, கிளவுஸை முகர்ந்து பார்த்து, ஆணியில் மாட்டினார். சனிக்கிழமை போய்ப் பெயர் கொடுத்தார்.

சுமார்

முதல் ஆட்டமே ஆஸ்டின் டவுனோடு. அன்றைக்கும் தூறல். மைதானம் முழுக்க ஒரு வெள்ளைத்துணி போர்த்தியது போல இருந்தது. எங்கள் தெரு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது, வாயைக் கட்டிக்கொண்டு.

பந்து எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. அவர் பக்கவாட்டில் பாய்ந்ததைத்தான் பார்த்தேன். கீழே விழுந்தபோது பந்து நெஞ்சோடு இருந்தது. எழுந்து, சட்டையில் சேறு சொட்ட, எங்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

எங்கள் பக்கம் ஒருத்தரும் கைதட்டவில்லை. கரீம் பாய் டிரம்மைத் தொடவில்லை. "சுமார்" என்றார். பத்மாக்கா, "பந்து சும்மாதான் வந்துச்சு" என்றாள். அவளுடைய விரல்கள் என் கையை அமுக்கின அமுக்கில் வளையல் நெளிந்துவிட்டது. எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று கைதட்டினாள், ஸ்டெல்லா. பத்மாக்கா உடனே அந்தத் திசையில் துப்பினாள்.

கோல் இல்லாமலே ஆட்டம் முடிந்தது. அந்த சீசனில் நாங்கள் கோப்பை வாங்கவும் இல்லை, கடைசியாக வரவும் இல்லை. நடுவில் எங்கோ, எங்களுக்கு வழக்கமான இடத்தில் நின்றோம். முனிராஜுக்கு அது கடைசி சீசனாகவும் இல்லை.

அடுத்த வருடம் ஓட்டுப் போடும் நாட்கள் வந்தன. அதே மெட்ரோ, அதே தாலாட்டு. ஜன்னலில் மரத் தலைகள் நனைந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பெயரைத் தொட்டேன். ஒவ்வொரு அணியாகத் தாண்டி, ஆஸ்டின் டவுனையும் தாண்டிக் கீழே கொண்டுபோனேன். பத்மாக்கா சொன்னது சரிதான், கை நடுங்கத்தான் செய்கிறது.

சாயங்காலம் போனை அவரிடம் கொடுத்தேன். மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசிப் பெயரில் விரல் நின்றது.

"இவ்ளோ பாசமா மல்லி?" என்றார்.